விளம்பரம் வரட்டும், குறுக்கே வர வேண்டாம்

நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக முழுமையாக வெளியிடுகிறோம். – ஆசிரியர் குழு



என்னை எதற்காகப் பேசச் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நம் நகருக்கென்று ஒரு செயலி இருக்கிறது. தண்ணீர் லாரி எந்தத் தெருவில் நிற்கிறது, பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்றைக்கு, சந்தா பாக்கி எவ்வளவு, இரவுக் காவலரின் எண் என்ன என்று எல்லாவற்றையும் அதில்தான் பார்க்கிறோம். நம் பிள்ளைகள் இரண்டு பேர் மூன்று வருடமாக ஒரு பைசா வாங்காமல் அதைப் பராமரிக்கிறார்கள். அவர்கள் உழைப்பு இலவசம். சர்வர் வாடகை இலவசம் இல்லை. ஓ.டி.பி. அனுப்பும் எஸ்.எம்.எஸ். இலவசம் இல்லை. ஆப்பிள் போன்களில் செயலி இருக்க வேண்டுமென்றால் அந்த நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்டியாக வேண்டும். எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 ரூபாய் ஆகிறது.

"விளம்பரம் போட்டால் என்ன?" என்று சென்ற செயற்குழுவில் ஒருவர் கேட்டார். அடுத்த நொடியே இன்னொருவர், "விளம்பரம் வந்த அன்றைக்கே நான் செயலியை எடுத்துவிடுவேன்" என்றார். இரண்டு பேரும் நியாயமாகத்தான் பேசினார்கள். அதனால்தான் முடிவு எடுக்க முடியாமல் விஷயம் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறது. நான் செயலிகள் செய்து பிழைப்பவன். என் வருமானத்தில் ஒரு பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. அதே சமயம் மற்றவர்களின் செயலியில் விளம்பரம் குறுக்கே வந்தால் உங்களைப் போலவே எரிச்சல்படுபவன்தான். அந்த இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பேசுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். சினிமாவுக்குப் போகிறீர்கள். இடைவேளையில் நகைக்கடை விளம்பரம் வருகிறது, ஜவுளிக்கடை விளம்பரம் வருகிறது. அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸில் உள்ளூர் சைக்கிள் கடையின் சிலைடு போடுவார்கள். யாராவது கோபப்பட்டு எழுந்து போனோமா? முறுக்கு தின்றுகொண்டே பார்த்தோம். அதே சிலைடைக் கதாநாயகி தாலியைக் கழற்றி வைக்கும் காட்சிக்கு நடுவில் போட்டிருந்தால் திரை கிழிந்திருக்கும். சிலைடு அதேதான், கடையும் அதேதான். வந்த நேரம்தான் வேறு.

கைபேசியிலும் இதே கதைதான். மக்கள் விளம்பரத்தை வெறுப்பதில்லை. காலையில் பேப்பர் வந்ததும் வரி விளம்பரங்களை முதலில் படிப்பவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். செய்ய வந்த வேலைக்குக் குறுக்கே கை நீட்டினால்தான் கோபம் வருகிறது. செயலியில் விளம்பரம் வைத்துச் சம்பாதிக்க நினைப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, "என் செயலியில் இடைவேளை எங்கே வருகிறது?" என்பதுதான். எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வி அதற்கு அப்புறம்.

கைபேசி விளம்பரங்களில் பல வகை உண்டு. திரையின் அடியில் பட்டையாக நிற்பது பேனர். பட்டியலுக்கு நடுவே, பட்டியலைப் போலவே உடுத்திக்கொண்டு வருவது ஒரு வகை. திரை முழுவதையும் மறைத்து, பெருக்கல் குறியைத் தேட வைப்பது இன்னொன்று. கடைசியாக, "இந்த 30 நொடி வீடியோவைப் பார்த்தால் விளையாட்டில் இன்னொரு உயிர் தருகிறோம், பார்க்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு வருவது. பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை.

இந்தக் கடைசி வகையைக் கவனியுங்கள். நேரத்தை அதிகம் தின்பது அதுதான், ஆனால் திட்டு குறைவாக வாங்குவதும் அதுதான். நாம் கேட்டு வருகிறது, வேண்டாம் என்றால் வராது, பார்த்ததற்குக் கையில் ஏதோ கிடைக்கிறது. சம்மதம் கேட்டுவிட்டால் அரை நிமிடம்கூடச் சிறியதாகத் தெரிகிறது. கேட்காமல் வந்தால் ஐந்து நொடி ஒரு யுகம்.

அதிகம் பேச வேண்டியது முழுத்திரை விளம்பரத்தைப் பற்றி. பெரியவர்களுக்கு இதுதான் ஆபத்து. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், வயது எழுபத்தைந்துக்கு மேல். ஒருநாள் பஸ் நேரம் பார்க்க ஏதோ ஒரு செயலியைத் திறந்தார். திரை முழுக்க விளம்பரம். அதில் "உங்கள் போன் மெதுவாக இருக்கிறது, சுத்தம் செய்யவா?" என்று ஒரு பொத்தான். மூடுவதற்கான குறி மூலையில் கடுகளவு. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்த கண். மூடுவதாக நினைத்து எதையோ தொட, எங்கோ போய், இரண்டு செயலிகள் இறங்கிவிட்டன. அவர் என்னிடம் வந்தபோது பஸ்ஸும் போய்விட்டிருந்தது. "தம்பி, நான் எதையும் அமுக்கலைப்பா" என்று அவர் நாலு தடவை சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அவர் விரலை அமுக்க வைத்தது அந்தத் திரையின் அமைப்பு.

இந்த வகைத் தொல்லைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கணினியில் தனி ஜன்னலாகத் துள்ளி வரும் விளம்பரம் நினைவிருக்கிறதா? 1990களில் ட்ரைபாட் என்ற அமெரிக்க இணையதளத்தில் வேலை பார்த்த ஈத்தன் சுக்கர்மேன் என்பவர் அதற்கான நிரலை எழுதினார். ஆபாசமான பக்கத்தில் தங்கள் விளம்பரம் வந்துவிட்டதே என்று ஒரு கார் நிறுவனம் பதறியபோது, விளம்பரத்தைத் தனி ஜன்னலில் காட்டிவிட்டால் அந்தப் பக்கத்தோடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள் என்று கண்ட வழி அது. 2014-இல் அவரே ஒரு கட்டுரை எழுதி உலகத்திடம் மன்னிப்புக் கேட்டார். நோக்கம் நல்லதுதான், ஆனால் விளம்பரதாரரின் சிக்கலைத் தீர்த்துவிட்டுச் சுமையைப் பார்ப்பவர் தலையில் இறக்கிவிட்டார். இன்றைய முழுத்திரை விளம்பரங்கள் பலவற்றிலும் அந்த ரத்தம் ஓடுகிறது.

கூகுளுக்கே ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. தன் பிளே ஸ்டோரில் இருக்கும் செயலிகளுக்கு 2022 செப்டம்பர் 30 முதல் சில விதிகளை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. நீங்கள் ஒரு பொத்தானை அமுக்கி வேறு ஒரு பக்கத்துக்குப் போக நினைக்கும்போது, எதிர்பாராமல் முழுத்திரை விளம்பரம் வந்து நிற்கக் கூடாது. விளையாட்டில் ஒரு கட்டம் தொடங்கும்போதோ, படிக்கும் பகுதி தொடங்கும்போதோ வரக் கூடாது. 15 நொடிக்குப் பிறகும் மூட முடியாதபடி இருக்கக் கூடாது. நாமே சம்மதித்துப் பார்க்கும் பரிசு விளம்பரங்களுக்கு மட்டும் விலக்கு. கட்டம் முடிந்து மதிப்பெண் காட்டிய பிறகு வரலாம். படித்துப் பாருங்கள், இடைவேளைத் தத்துவம்தான் வேறு சொற்களில் இருக்கிறது.

விதி இருந்தும் ஏன் இன்னும் வருகிறது என்று கேட்பீர்கள். தலைக்கவசம் போட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பிளே ஸ்டோரில் அப்படிப்பட்ட செயலியைப் பார்த்தால் அதன் பக்கத்திலேயே புகார் செய்யும் வசதி உண்டு. ஒரு நட்சத்திரம் கொடுத்து ஏன் என்று இரண்டு வரி தமிழில் எழுதுங்கள். செயலி செய்பவர்கள் அதைப் படிக்காமல் தூங்குவதில்லை. நானும்தான்.

இப்போது பணத்துக்கு வருவோம். பொருளாளர் நிமிர்ந்து உட்கார்கிறார்.

விளம்பரத்துக்கான விலை ஆயிரம் காட்சிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஒரு விளம்பரம் ஆயிரம் முறை திரையில் தெரிந்தால் செயலிக்காரருக்கு இத்தனை ரூபாய். இந்த விலை நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் மாறும். அமெரிக்காவில் ஒருவர் பார்த்தால் வரும் தொகையும் இங்கே ஒருவர் பார்த்தால் வரும் தொகையும் ஏணி வைத்தாலும் எட்டாது. பேனருக்குக் குறைவு, முழுத்திரைக்கு அதிகம், பரிசு வீடியோவுக்கு இன்னும் அதிகம். செயலிக்காரர்கள் முழுத்திரைக்கு ஏன் ஆசைப்படுகிறார்கள் என்பது இதிலேயே புரிந்துவிடும்.

நம் செயலிக்குக் கணக்குப் போடுவோம். 420 வீடு. ஐந்நூறு போன் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் நாளைக்கு இரண்டு தடவை திறக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு பேனர். நாளைக்கு ஆயிரம் காட்சி. ஆயிரத்துக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 20, மாதத்துக்கு 600 ரூபாய். கூகுளின் ஆட்மாப் சேவை, கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணத்தை வங்கிக்கு அனுப்பும். ரூபாயில் எட்டாயிரத்துக்கு மேல். ஆக, முதல் தொகை நம் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு வருடமும் நம் பெரியவர்கள், தண்ணீர் லாரி வந்ததா என்று பார்க்கும் திரையில், யாரென்றே தெரியாத நிறுவனங்களின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாதம் 600 ரூபாய்க்கு!

பேனர் விளம்பரத்தில் கோடி பார்த்தவர்களும் உண்டு. வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென் என்ற இளைஞர் செய்த ஃபிளாப்பி பேர்ட் விளையாட்டு 2014 தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பைத்தியமாகப் பரவியது. அதில் முழுத்திரை விளம்பரம் எல்லாம் பெரிதாக இல்லை, ஒரு சின்னப் பட்டைதான். அதிலேயே நாளைக்கு 50,000 டாலர் வருவதாக அப்போது செய்தி வந்தது. பிப்ரவரியில் அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். மக்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனால் அது கோடிக்கணக்கான போன்களின் கணக்கு. ஐந்நூறு போனை வைத்துக்கொண்டு அந்தக் கனவு காணக் கூடாது. சின்னக் கூட்டம் உள்ள செயலிக்கு உலகச் சந்தை விளம்பரம் சோறு போடாது, எரிச்சலை மட்டும் போடும். செயலி செய்யும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைகளுக்காக இன்னும் கொஞ்சம் பேசுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்த செயலிகளில் ஒன்று மின்கட்டணம் கணக்கிடுவது. மீட்டரில் இருக்கும் எண்ணைப் போட்டால், இரண்டு மாதக் கணக்கில் எத்தனை யூனிட் ஆகியிருக்கிறது, எவ்வளவு வரும் என்று சொல்லும். 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும் என்பதால் வெயில் காலத்தில் நம் ஊர்க்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதைத் திறப்பார்கள். அதில் விளம்பரத்தை எங்கே வைப்பது? "கணக்கிடு" என்று அமுக்கியதும், தொகை தெரிவதற்கு முன் முழுத்திரை விளம்பரம் வைத்தால் நல்ல காசு என்று ஒரு நண்பர் சொன்னார். காசு வரும்தான். ஆனால் ஒருவர் "எவ்வளவு வருமோ" என்று பதறும் அந்த நொடியைத்தான் நாம் விற்கிறோம். இரண்டு மாதம் கழித்து அவர் வேறு செயலியைத் தேடுவார். நான் தொகையைக் காட்டிவிட்டு, அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு ஒரு பேனர் வைத்தேன். தொகையைப் பார்த்தவர் திரையில் சற்று நேரம் நிற்கிறார். மனைவியைக் கூப்பிடுகிறார், ஏ.சி.யை யார் போட்டது என்று விசாரணை நடக்கிறது. அதுதான் அந்தச் செயலியின் இடைவேளை.

"கொஞ்சம் இடம் விட்டு" என்று சொன்னேன். அது அலங்காரத்துக்காக அல்ல. பேனரைப் பொத்தானுக்கு ஒட்டி வைத்தால் விரல் தவறிப் படும். தவறிப் பட்ட கிளிக்குக்கு விளம்பரதாரர் பணம் கொடுக்க வேண்டிவரும். கூகுள் அதைக் கண்டுபிடித்தால் வருமானத்தைக் கழிக்கும், தொடர்ந்தால் கணக்கையே முடக்கும். அதே போல, விளம்பரம் இணையத்திலிருந்து வந்து சேர இரண்டு மூன்று நொடி ஆகும். அதுவரை இடம் ஒதுக்காமல் விட்டு, திடீரென்று பேனர் வந்து எல்லாவற்றையும் கீழே தள்ளினால், ஒன்றை அமுக்கப் போனவர் இன்னொன்றை அமுக்குவார். பந்தியில் இலை போட்ட பிறகுதான் பரிமாற வேண்டும். விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் அதற்கான கட்டத்தை முதலிலேயே காலியாக விட்டுவிடுங்கள்.

முழுத்திரை விளம்பரம் வைத்தே தீர வேண்டும் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை முறைக்கு மேல் வராது என்று வரம்பு வைக்கும் வசதி ஆட்மாப்பிலேயே இருக்கிறது. எந்த வகை விளம்பரம் வரக் கூடாது என்று தடுக்கும் வசதியும் இருக்கிறது. சூதாட்டம், டேட்டிங், உடல் எடை குறைப்பு என்று தனித்தனியாக அணைக்கலாம். முதல் நாளே போய் அணையுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுத்து 2025-இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது. செயலியைச் சோதிக்கும்போது சோதனை விளம்பரங்களை மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் விளம்பரத்தை நீங்களே தட்டாதீர்கள். முக்கியமாக, அத்தை மாமாவை எல்லாம் கூப்பிட்டு, "என் ஆப்ல தினம் ரெண்டு தடவை விளம்பரத்தைத் தட்டுங்க" என்று சொல்லாதீர்கள். பாசத்தில் அவர்கள் இருபது தடவை தட்டுவார்கள். கணக்கு போய்விடும்.

விளம்பரத்தைச் சேர்த்த வாரம் வருமானத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை பேர் செயலியை நீக்கினார்கள், எத்தனை பேர் மறுநாள் திரும்பி வந்தார்கள் என்று பாருங்கள். வருமானம் உடனே ஏறும், ஆட்கள் மெதுவாகத்தான் குறைவார்கள். அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

விளம்பரமே வேண்டாம், காசு கொடுத்துவிடுகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அந்த வழியும் முயலப்பட்டதுதான். நீங்கள் தினமும் குட் மார்னிங் அனுப்பும் வாட்ஸ்அப்பைத் தொடங்கிய ஜான் கூமும் பிரையன் ஆக்டனும் விளம்பரத்துக்கு எதிரிகள். ஏன் விளம்பரம் விற்கமாட்டோம் என்று 2012-இல் எழுதியே வைத்தார்கள். முதல் வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு டாலர் கட்டணம் என்று வைத்தார்கள். 2014-இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது, 2016-இல் கட்டணம் போனது, நிறுவியவர்கள் இருவரும் பிறகு வெளியேறினார்கள். 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் பார்க்கும் பகுதியில் விளம்பரம் வரும் என்று அறிவிப்பு வந்தது. இதில்கூட ஒன்றைக் கவனியுங்கள். நாம் பேசிக்கொள்ளும் இடத்தில் வைக்கவில்லை. பொழுதுபோகாமல் புரட்டும் பகுதியில் வைத்தார்கள். அவர்களுக்கும் இடைவேளை எது என்று தெரிந்திருக்கிறது.

நம் நகருக்குக் காசு வழி எப்படி இருக்கும்? 24,000 ரூபாயை 420 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் ஐந்து ரூபாய்கூட வராது. சந்தாவில் ஐந்து ரூபாய் ஏற்றினால் முடிந்தது. நானும் அதையே சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இந்த அரங்கில் சந்தாவை உயர்த்தும் தீர்மானம் கடைசியாக வந்தபோது கூட்டம் எத்தனை மணிக்கு முடிந்தது என்பது பொருளாளருக்கு நினைவிருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நான்காவது தெருவில் ஓர் அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். ஆறாவது தெருவுக்கு அது தெரியாது. ஆர்.ஓ. இயந்திரம் பழுது பார்ப்பவர் பக்கத்திலேயே இருக்க, இணையத்தில் தேடி எங்கிருந்தோ ஆளை வரவழைத்து, வந்ததற்கே முந்நூறு ரூபாய் கொடுக்கிறோம். இங்கே சில விளம்பரங்கள் நமக்குச் செய்தி. தேவைப்படும் செய்தி யாருக்கும் தொல்லையாகத் தெரியாது.

அதனால் என் யோசனை இது. கூகுளிடம் போக வேண்டாம். நம் பகுதிக் கடைகளிடம் நேரடியாகப் போவோம். அறிவிப்புப் பட்டியல் முடியும் இடத்தில், எல்லா அறிவிப்பையும் படித்து முடித்த பிறகு, ஒரே ஓர் அட்டை. மேலே "விளம்பரம்" என்று தமிழில், படிக்கிற அளவு எழுத்தில். அசையாத படம், கடைப் பெயர், தொலைபேசி எண், அவ்வளவுதான். ஐந்து பேருக்கு இடம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒருவர் மாறி ஒருவர் வருவார்கள். மூன்று கடைகளிடம் மாதம் 600 ரூபாய், வீட்டிலிருந்து தொழில் செய்யும் இருவரிடம் 150 ரூபாய். மாதம் 2,100, ஆண்டுக்கு 25,200. செயலி தன் காலில் நிற்கும்.

எங்கே வரக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவலர் எண்கள் உள்ள பக்கத்தில் எந்தக் காலத்திலும் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலிக்கும் மனிதருக்காக அந்தப் பக்கத்தைத் திறக்கிறவர், அந்த எண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. புகார் எழுதும் பக்கத்திலும் சந்தா கட்டும் பக்கத்திலும் கிடையாது. பணம் கட்டும் திரையில் வேறொரு பொத்தான் இருந்தாலே பெரியவர்களுக்குச் சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். இணைய மோசடிக்கு 1930 என்று அழைக்கச் சொல்லி நாமே அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம். அடுத்தது, விளம்பரத்துக்காகப் போன் மணி அடிக்கக் கூடாது. நம் செயலியின் மணிச் சத்தம் கேட்டால் தண்ணீர், மின்சாரம், அல்லது அவசரம் என்று எல்லோரும் ஓடி எடுக்கிறோம். அந்தச் சத்தத்தில் ஒருமுறை புடவைத் தள்ளுபடி வந்துவிட்டால், அடுத்த முறை வெள்ள எச்சரிக்கைக்கும் யாரும் எடுக்கமாட்டார்கள். 2015 டிசம்பரை இங்கே இருந்து பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஏமாற்று வடிவமைப்புகள் பற்றி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 13 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். செய்தி போல வேடமிட்ட விளம்பரம் அதில் ஒன்று, நச்சரிப்பது இன்னொன்று. "விளம்பரம்" என்று எழுதச் சொன்னது அதனால்தான். அதே ஆண்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. நம் செயலியைப் பிள்ளைகளும் திறக்கிறார்கள். எனவே யார் எதைப் பார்த்தார்கள் என்ற கணக்கே நமக்கு வேண்டாம். கடைக்காரர் கேட்டால், இந்த மாதம் மொத்தம் எத்தனை பேர் உங்கள் எண்ணைத் தொட்டார்கள் என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்வோம். வீட்டு எண், பெயர், தொலைபேசி எண் எதுவும் யாருக்கும் போகாது. ஒரு கடைக்காரர் 420 வீட்டுப் பட்டியலையும் கேட்டு, அதற்குப் பத்து மடங்கு பணம் தருகிறேன் என்பார். கேட்பவர் வருவார், பாருங்கள். பதில் இப்போதே தீர்மானத்தில் இருக்கட்டும்.

வரி விஷயம் தணிக்கையாளரிடம் கேட்க வேண்டும். உறுப்பினர்களிடம் வாங்கும் சந்தாவும் வெளியாரிடம் வாங்கும் விளம்பரப் பணமும் வருமான வரிக் கண்ணில் ஒன்றல்ல. தொகை சிறியதுதான், ஆனாலும் தனிக் கணக்காக எழுதி ரசீது கொடுத்துவிடுவோம். எந்தக் கடை, எவ்வளவு கொடுத்தது என்பதும் அறிவிப்புப் பலகையில் வர வேண்டும். செயற்குழு உறுப்பினரின் மைத்துனர் கடை என்றால் அதையும் எழுதிவிட வேண்டும். மாவு புளித்துப்போனால் சங்கம் பொறுப்பல்ல என்றும் ஒரு வரி சேர்க்கலாம்.

மூன்று மாதம் சோதனை. அதற்குள் செயலியை நீக்குபவர்கள் கூடினாலோ, முன் வரிசையிலிருந்து எனக்கு ஐந்து புகார் வந்தாலோ, நிறுத்திவிட்டுச் சந்தாப் பேச்சுக்குப் போவோம். சம்மதமா இல்லையா என்று எழுதித் தரும் படிவம் வாசலில் மேசை மேல் இருக்கிறது. இந்தச் செய்திமடலில் படிப்பவர்கள் இம்மாதக் கடைசிக்குள் சங்க அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். சம்மதம் இல்லை என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிதான் இரண்டு பிள்ளைகளுக்கும் அதிகம் பயன்படும்.

இப்போது கேள்விகள். இரண்டாவது வரிசையில் அந்த அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். கேளுங்கம்மா.